மார்கழியில் மக்கர் பண்ணும் டீசல் வண்டி: அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

மார்கழி பிறந்துவிட்டால் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி பக்கத்துப் பட்டறைகளில் காலையில் அடிக்கடி கேட்கும் புகார்: "பனியில டீசல் கட்டிப்போச்சுண்ணே, வண்டி எடுக்க மாட்டேங்குது." சமவெளியில் அது நடக்காது. டீசலில் இயல்பாகவே மெழுகு கலந்திருப்பதும், குளிர் இறங்கினால் அது பொடிப் படிகங்களாகப் பிரிந்து ஃபில்டரை அடைப்பதும் உண்மைதான். ஆனால் நம் நாட்டு டீசலுக்கான தர நிர்ணயமான ஐ.எஸ். 1460 குளிர்காலத்துக்கு வைத்திருக்கும் வரம்பு 6 டிகிரி. அதுவரை டீசல் ஃபில்டரை அடைக்காமல் ஓட வேண்டும். மதுரையில் மார்கழி விடியற்காலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும், 17, 18-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். 6 டிகிரி குளிரைப் பார்க்க வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற வேண்டும். அந்தக் கதை கடைசியில் வருகிறது.

அப்படியானால் மார்கழியில் வண்டி ஏன் நிற்கிறது? ஐப்பசி, கார்த்திகை மழையில் டேங்கில் இறங்கிய தண்ணீர், சித்திரை வெயிலிலேயே பாதி செத்துப்போன பேட்டரி, ராத்திரி முழுக்க ஏதோ ஒரு வாஷர் வழியாக டீசல் லைனுக்குள் போன காற்று. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் நல்லா இருந்த நாசிலும் (சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் முனை) கெட்டுப்போகும்.

முதலில் ஒரு ஆளை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சரைப் பாருங்கள். 10 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். அடுத்த முறைக்கு முன் ஒரு நிமிஷமாவது ஆற விடுங்கள், இல்லையென்றால் செல்ஃப் மோட்டாரின் காயில் கருகும். அந்த 10 விநாடியில் இன்ஜின் எப்படிச் சுற்றியது, புகை வந்ததா, என்ன நிறம் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

'டக்' என்ற சத்தத்தோடு சரி, அல்லது சோம்பலாகச் சுற்றுகிறது

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டரில் அமுக்கப்படும் காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு திரள்வதற்குள் சிலிண்டர் சுவர் அதைக் குடித்துவிடும். நிமிஷத்துக்கு 150 சுற்று அளவுக்காவது இல்லாத வண்டியில் டீசல் லைனைக் கழற்றுவது வீண் வேலை.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கி டிராக்டர் டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள். ராத்திரி சும்மா நின்ற 12 வோல்ட் பேட்டரி காலையில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் கழற்றிச் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். அடுத்து, மீட்டரை பேட்டரி முனையிலேயே வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். 12.6 காட்டிய பேட்டரி 9.6-க்குக் கீழே சரிந்தால் உள்ளே ஏதோ ஒரு செல் போயிருக்கலாம். 10.5-க்கு மேலேயே நின்றும் இன்ஜின் சுற்றவில்லை என்றால் பேட்டரி மேல் தப்பில்லை. கேபிளையும் செல்ஃபையும் பாருங்கள்.

கேபிளைச் சோதிக்க: மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும், மறு முனையை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. நெகட்டிவுக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே இதே மாதிரி பார்த்தால் 0.2, 0.3-க்குள் இருக்க வேண்டும். தொழி உழவு முடித்த டிராக்டரில் பெரும்பாலும் இந்த எர்த் பட்டைதான் குற்றவாளி. சேறு போல்ட்டுக்கு அடியில் புகுந்து காய்ந்து, துரு ஏறி நிற்கும். மேலே பார்த்தால் இறுக்கமாகத் தெரியும். கழற்றி, சேஸிஸ் பக்கம் உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, பூட்டியபின் வாஸ்லின் தடவுங்கள். பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதை வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கரைந்துவிடும். கரைசல் மூடித் துளை வழியாக உள்ளே போகக் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

மார்கழியில் பேட்டரி செத்தால் குளிரைத் திட்டுவது வழக்கம். 20 டிகிரியில் பேட்டரிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதைக் கொன்றது அக்னி நட்சத்திர வெயில். சூட்டில் தண்ணீர் வற்றி, தகடு வெளியே தெரிந்து, அந்தப் பகுதி சல்பேட் ஏறிக் கெட்டியாகிவிடும். ஆடியில் தினமும் ஓடியதால் தெரியவில்லை. நாலு நாள் நிறுத்திவிட்டு எடுக்கும்போது வெளியே வருகிறது. தகட்டுக்கு மேல் 1 சென்டிமீட்டர் நிற்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் எதுவும் வேண்டாம்.

ஸ்டார்ட் செய்யும்போது கிளட்ச்சை முழுக்க மிதியுங்கள், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றும் பிடிஓ தண்டின் லீவரை விலக்குங்கள். கியர் பாக்ஸ் ஆயிலைக் கலக்கும் சுமை செல்ஃபுக்குக் குறையும். பல டிராக்டர்களில் கிளட்ச் மிதிக்காவிட்டால் செல்ஃபே அடிக்காது. அந்த ஸ்விட்ச் சேற்றில் சிக்கியிருந்தாலும் சத்தமே இல்லாமல் நிற்கும்.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் சைலன்சரில் புகையே இல்லை

சிலிண்டருக்கு டீசல் போகவில்லை என்று அர்த்தம். எளிதானதை முதலில் பாருங்கள். ஸ்டாப் கம்பி வெளியே இழுத்தபடியே நிற்கிறதா? ஆஃப் பண்ணிவிட்டு உள்ளே தள்ள மறந்த வண்டிக்கு பைக் வைத்துக்கொண்டு மெக்கானிக் வந்து சேர்வது ஊர் ஊருக்கு நடக்கும் கூத்து. சாவியிலேயே நிற்கும் வண்டி என்றால், சாவியை ஆன் செய்யும்போது டீசல் பம்ப் பக்கமிருந்து ஸ்டாப் சோலனாய்டின் 'கிளிக்' கேட்க வேண்டும். டேங்க் காக் திறந்திருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியதே.

அதெல்லாம் சரி என்றால் லைனில் ஏர் புகுந்திருக்கிறது. நேற்று சாயங்காலம் நன்றாக ஓடி, இன்று காலையில் மட்டும் தகராறு செய்யும் வண்டிக்கு ஒரு சுலபமான சோதனை: செல்ஃப் அடிப்பதற்கு முன்பே, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப்பின் கை பிரைமரை (கையால் அமுக்கி டீசல் ஏற்றும் குமிழ்) 20, 30 தடவை அமுக்குங்கள். அப்புறம் அடித்ததும் சட்டென்று பிடித்துக்கொண்டால், ராத்திரியில் டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கி அந்த இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது. பிரைமர் அமுக்கியும் மாற்றமே இல்லை என்றால் கீழே சொல்லும் முறையில் முழுக்க ஏர் எடுத்துப் பாருங்கள்.

ஏர் எடுக்கும் முறை, பழைய வகை இன்லைன் அல்லது ரோட்டரி டீசல் பம்ப் உள்ள வண்டிகளுக்கு:

1. டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் இருக்கட்டும். ஃபில்டர் சுற்றிலும் உள்ள மண்ணை பிரஷ்ஷால் தட்டி, டீசல் துணியால் துடையுங்கள்.
2. முதல் ஃபில்டரின் மேலிருக்கும் ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தி, பிரைமரை அமுக்குங்கள். முதலில் நுரை வரும். நுரை நின்று கம்பி மாதிரி டீசல் வந்ததும், அமுக்கிக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குங்கள். கையை எடுத்தபின் இறுக்கினால் திரும்பவும் காற்றை இழுக்கும்.
3. இரண்டாவது ஃபில்டரிலும் அப்படியே. அப்புறம் டீசல் பம்ப்பில் உள்ள ஏர் ஸ்க்ரூ.
4. ஆக்சிலேட்டரை முழுக்க வைத்து, நாசில் பக்கத்து நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொரு நட்டிலும் விட்டுவிட்டு டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். ஒன்றிரண்டு சிலிண்டர் வந்தாலே இன்ஜின் தட்டிக்கொண்டு பிடித்துவிடும்.

நாசில் முனையிலோ விட்டுப்போன பைப்பிலோ விரலை வைத்துப் பார்க்கக் கூடாது. பழைய நாசிலே 200 பாருக்கு மேல் அழுத்தத்தில்தான் திறக்கும். அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் அன்றைக்கே ஆபரேஷன் பண்ண வேண்டிய காயம் அது. 2023 ஜனவரியில் டிரெம் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் விற்கும் 50 ஹெச்பிக்கு மேற்பட்ட டிராக்டர்களில், எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரயில் வகை பரவலாக இருக்கிறது. அவற்றில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். அந்த வகையில் நாசில் நட்டைத் தளர்த்தும் நாலாவது படியே கிடையாது. பிரைமர் மட்டும் அமுக்கி, சாவியை இரண்டு மூன்று தடவை ஆன் செய்து பாருங்கள். வரவில்லை என்றால் கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள்.

ஏர் எடுத்து ஓட்டிய வண்டி மறுநாளும் அதே தகராறு செய்தால், காற்று நுழையும் ஓட்டையைத் தேட வேண்டும். டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் இன்ஜின் டீசலை உறிஞ்சுகிறது. அந்த இடத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஃபீட் பம்ப் வாயில் ஒரு அடி நீளத்துக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூபைத் தற்காலிகமாக மாட்டி இன்ஜினை ஓட விடுங்கள். குமிழி ஓடுவது தெரிந்தால் டேங்க் பக்கத்திலிருந்து ஒவ்வொரு இணைப்பாக இறுக்கிக்கொண்டே வாருங்கள்; எதை இறுக்கும்போது குமிழி நிற்கிறதோ அதுதான். டீசல் பைப்பை இணைக்கும், நடுவில் துளையுள்ள பான்ஜோ போல்ட்டின் இரண்டு பக்கச் செம்பு வாஷரும் ஒரு முறை அமுங்கினால் முடிந்தது. சில ரூபாய் வாஷரை மிச்சம் பிடிக்கப் போய் நடவு நேரத்தில் வண்டியை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளைப் புகை வருகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது

இது நல்ல சேதிதான். டீசல் உள்ளே போகிறது, எரியாமல் ஆவியாக வெளியே வருகிறது. மூக்கில் பச்சை டீசல் வாடை அடிக்கும். சூடு போதவில்லை. ஹீட்டர் வசதி உள்ள வண்டியில் சாவியை ஹீட்டர் நிலையில் 15, 20 விநாடி பிடித்துவிட்டு அடியுங்கள். பிடித்த கையோடு மேனிஃபோல்டை (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) தொட்டுப் பாருங்கள். சூடே ஏறவில்லை என்றால் ஃபியூஸ் அல்லது ஹீட்டர் போயிருக்கிறது. நம் பக்கத்து டிராக்டர்கள் பலவற்றில் அந்த வசதியே கிடையாது, நல்ல நிலையில் இருக்கும் இன்ஜினுக்கு இங்கே அது தேவையும் இல்லை. ஆகவே மதுரை மார்கழியில் ஒரு இன்ஜின் வெள்ளைப் புகை விட்டுத் தவிக்கிறது என்றால் ரிங்கோ வால்வோ நாசிலோ தேய்ந்திருக்கிறது. குளிர் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

ரிங் தேய்மானத்தைக் கண்டுபிடிக்க, கிணற்று மேட்டில் நிற்கும் 5 ஹெச்பி ஆயில் இன்ஜினில் ஒரு வழி இருக்கிறது. ஏர் கிளீனரைக் கழற்றி இன்லெட் வாயில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சிலிண்டர் அமுக்கத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, ஹேண்டில் போட்டு மெதுவாக ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினால் ஆயில் ரிங்கைச் சுற்றிப் படியும். அப்போது நாசில் பக்கம் காதை வையுங்கள்: ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் ஒரு முறை 'கிரீச்' என்று நாசில் கத்த வேண்டும். கத்தினால் டீசல் சரியாகத் தூவுகிறது. அப்புறம் வேகம் ஏற்றி லீவரை விட்டதும் பிடித்துக்கொண்டால் ரிங் அல்லது லைனர் தேய்ந்திருக்கிறது; போகம் முடிந்ததும் பிரித்துவிடுங்கள். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் இருக்கட்டும். எதிர்த்து அடித்தால் சுற்றிப் பிடித்த கட்டைவிரலும் மணிக்கட்டும் போய்விடும்.

துணியை டீசலில் நனைத்துக் கொளுத்தி ஏர் கிளீனர் வாயில் காட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நெருப்பு உள்ளே போகும் காற்றின் ஆக்சிஜனைத் தின்றுவிடும், கரி உள்ளே போகும், ஆயில் பாத் வகை கிளீனர் என்றால் அதற்கே தீப்பிடிக்கலாம். ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயும் அப்படித்தான். ஹீட்டர் உள்ள இன்ஜினில் அடித்தால் மேனிஃபோல்டிலேயே வெடிக்கும்.

சூடேறி ஓடும்போதும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது என்றால் ஹெட் கேஸ்கெட். ஓட்டாதீர்கள்.

பிடிக்கிறது, கொஞ்ச நேரத்தில் இறங்கி நின்றுவிடுகிறது

மழைக்காலம் முடிந்த கையோடு வரும் கோளாறுகளில் இதுதான் அதிகம். முதலில் டேங்க் மூடியைத் திறந்துபார்த்து விடுங்கள். திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே போனால், மூடியில் இருக்கும் காற்றுத் துளை சேற்றிலோ குளவிக் கூட்டிலோ அடைபட்டிருக்கிறது. டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வராமல் நிற்கும். 10 நிமிஷம் ஆறவிட்டால் திரும்ப ஓடும். ஒரு ஊசி வேலை.

மூடி சரி என்றால் தண்ணீர். ஃபில்டருக்குக் கீழே உள்ள கிண்ணத்தின் டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து, ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தெளிவாகத் தனியாக நிற்கும். நடுவில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு படலம் தெரிந்தால் அது டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும். ஃபில்டரை மட்டும் மாற்றினால் அடுத்த வாரமே அடைக்கும்; டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

தண்ணீர் எப்படி வந்தது என்பதைப் பார்க்காமல் விட்டால் வேலை முடியாது. பாதி காலியான டேங்கில் மீதி இடம் ஈரக்காற்று. பகலில் விரிந்து வெளியேறி, ராத்திரியில் சுருங்கி இன்னும் ஈரக்காற்றை இழுத்து, டேங்க் சுவரில் வேர்த்து அடியில் இறங்கும். தினமும் கொஞ்சம்தான், ஒரு மாதம் நின்ற ஹார்வெஸ்டரின் பெரிய டேங்கில் அது சேர்ந்துவிடும். அதனால் மழைக்காலத்தில் வேலை முடித்த சாயங்காலமே டேங்கை நிரப்புங்கள், காலையில் அல்ல.

அதைவிடப் பெரிய வழி டீசல் டிரம். களத்து மேட்டில் நிமிர்த்தி வைத்த 200 லிட்டர் டிரம்மின் மேல் விளிம்புக்குள் மழைத் தண்ணீர் ஒரு அங்குலம் தேங்கி நிற்கும். இரண்டு மூடியும் அந்தத் தண்ணீருக்கு அடியில். பகல் வெயிலில் டிரம் சூடாகும்போது உள்ளிருக்கும் காற்று மூடி இடுக்கு வழியாகக் குமிழி விட்டு வெளியே வரும். ராத்திரி ஆறும்போது வெளியே போன காற்றுக்குப் பதிலாக மேலே நிற்கும் தண்ணீரையே உள்ளே இழுக்கும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் வாஷர் பழசானால் இது நடக்கும். டிரம்மைப் படுக்க வைத்து, இரண்டு மூடியும் பக்கத்துக்கு ஒன்றாக ஒரே மட்டத்தில் இருக்கும்படி கட்டையில் ஏற்றிக் கொட்டகைக்குள் வையுங்கள். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும் என்றால் ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சாய்த்து, தேங்கும் தண்ணீர் இரண்டு மூடியையும் எட்டாதபடி வையுங்கள். உருட்டிக் கொண்டுவந்த டிரம்மில் அன்றைக்கே டீசல் எடுக்காமல் ஒரு நாள் அமரவிடுங்கள். உறிஞ்சும் குழாயின் நுனி அடியிலிருந்து நாலு விரல் மேலே நிற்கட்டும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவது தூசியைத் தடுக்கும், ஆனால் நூல் பிசிறை உள்ளே விடும், தண்ணீரையும் நிறுத்தாது. புனலில் நுண்ணிய பித்தளை வலை போதும்.

தண்ணீர் வந்த வண்டிக்கு வரிசை இதுதான்: டேங்கின் அடி பிளக்கைத் திறந்து தெளிந்த டீசல் வரும்வரை விடுங்கள், கிண்ணத்தைக் கழுவுங்கள், இரண்டு ஃபில்டரையும் மாற்றுங்கள், ஏர் எடுங்கள். டீசல் பம்ப்பின் உள் பாகங்களுக்கும் நாசிலுக்கும் டீசலேதான் வழவழப்பு; தண்ணீர் நின்ற இடம் ஒரு வாரத்தில் துருப்பிடித்து, டீசலைத் தள்ளும் பிளஞ்சர் ஒட்டிக்கொள்ளும். பம்ப் பிரித்தால் பெஞ்சில் போட்டு அளவு வைக்க வேண்டும், அதன் செலவு ஃபில்டர் விலையைப் போல் பல மடங்கு. பம்ப்பின் சீலை வயலில் உடைக்காதீர்கள்.

கரும்புகை, இழுவை இல்லை

டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. கதிர் அறுப்பு நேரத்தில் வைக்கோல் தூசியும் விடியற்காலைப் பனி ஈரமும் சேர்ந்து ஏர் கிளீனர் வலையில் பசையாக ஒட்டும். ஆயில் பாத் வகையில் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் 1 சென்டிமீட்டர் சேறு நின்றால் ஆயிலை மாற்றுங்கள். குறித்த கோட்டுக்கு மேல் ஊற்றினால் இன்ஜின் அதையே இழுத்துக் குடிக்கும். டிரை வகையை உள்ளிருந்து வெளியே, 2 பாருக்கு மேல் போகாமல் ஊதுங்கள். டயரில் தட்டி உடைக்க வேண்டாம். ஒரு மாதம் நின்ற ஹார்வெஸ்டர் என்றால் கிளீனர் பைப்புக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும், அதே எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அது போகம் முடிந்து பார்க்க வேண்டிய வேலை.

டிப் ஸ்டிக்கில் ஆயில் வெளுத்திருக்கிறது, அல்லது அளவு கூடியிருக்கிறது

ஆயில் குறைவதற்கு நூறு காரணம் இருக்கும். கூடுவதற்குப் பெரும்பாலும் இரண்டுதான், தண்ணீர் அல்லது டீசல். சூடான சைலன்சரில் ஒரு சொட்டு விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர். பொரியாமல், விரலில் தேய்க்கும்போது வழுக்கல் இல்லாமல் டீசல் வாடை அடித்தால் ஃபீட் பம்ப் அல்லது டீசல் பம்ப்பின் சீல் வழியாக டீசல் கசிகிறது. இரண்டிலும் ஓட்டக் கூடாது, பேரிங் போய்விடும்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெள்ளைப் படலம், டிப் ஸ்டிக் சுத்தம் என்றால் பயமில்லை. தினமும் 5 நிமிஷம் ஓட்டி ஓட்டி நிறுத்தியதில் உள்ளே வேர்த்தது. ஒரு மணி நேரம் ரோட்டவேட்டரில் போட்டு இழுத்தால் போய்விடும்.

மழையில் முங்கிய இன்ஜின்

கண்மாய் மறுகால் பாய்ந்து கிணற்று மேட்டு இன்ஜின் முங்கினால், தண்ணீர் வடிந்ததும் ஹேண்டில் போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது. சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும். நாசிலைக் கழற்றி, கையால் மெதுவாகச் சுற்றி, தண்ணீர் முழுக்கப் பீச்சி வெளியேறும்வரை விடுங்கள். அடி பிளக்கைத் திறந்தால் முதலில் தண்ணீரும் அப்புறம் ஆயிலும் வரும். ஏர் கிளீனர், டீசல் டேங்க், ஃபில்டர் எல்லாம் காலி செய்து கழுவ வேண்டும். சிலிண்டரில் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டுச் சுற்றிவிடுங்கள். புது ஆயில் ஊற்றி சுமை இல்லாமல் 15 நிமிஷம் ஓட்டி, சூட்டோடு வடித்துவிட்டு, மறுபடி புது ஆயில். இதையெல்லாம் தண்ணீர் வடிந்த அன்றே செய்ய வேண்டும். மூன்று நாள் போட்டு வைத்தால் லைனரில் ரிங் துருவோடு ஒட்டிக்கொள்ளும். டிராக்டர் என்றால் செல்ஃப், ஆல்டர்னேட்டர் இரண்டையும் கழற்றிக் காய வைப்பதும், கியர் பாக்ஸ் ஆயிலைப் பார்ப்பதும் கூடுதல் வேலை.

மலைக்கு மேலே: பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி

இங்கே கதை வேறு. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் கொடைக்கானல் மேல்மலைப் பள்ளங்களில் புல்மேல் உறைபனி படியும். சமவெளியிலிருந்து பவர் டில்லரோ டிராக்டரோ ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் நாலு விஷயத்தைக் கீழேயே முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

முதலாவது டீசல். தர நிர்ணயத்தில் கோடைக்கு உள்ள வரம்பு 18 டிகிரி, குளிர்காலத்துக்கு 6. புரட்டாசியில் வாங்கி டிரம்மில் வைத்ததை மார்கழியில் மேலே கொண்டுபோனால் மெழுகு கட்ட வாய்ப்பு உண்டு. அந்தந்த மாதம் வாங்கிய டீசலையே ஊற்றுங்கள். அதிலும் தண்ணீர் இருந்தால் மெழுகுக்குப் பதிலாக ஃபில்டர் கிண்ணத்தில் பனிக்கட்டி அடைக்கும். எது அடைத்தது என்று அறிய அதே பாட்டில் சோதனைதான்: கலங்கலான டீசலை வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் மெழுகு கரைந்து தெளியும், தண்ணீர் அடியில் தங்கும். அடைத்த ஃபில்டரை வெந்நீரில் நனைத்த துணியால் சுற்றி, துணியை மாற்றி மாற்றி 10 நிமிஷம் சூடு காட்டுங்கள். புளோ லாம்ப், தீப்பந்தம் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. கண்ணாடிக் கிண்ணத்தில் கொதிநீரை நேரே ஊற்றினால் விரியும். மெழுகைத் தடுக்கும் திரவம் கடையில் கிடைக்கிறது. அதை மெழுகு கட்டுவதற்கு முன், டீசல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கலக்க வேண்டும், கட்டியபின் ஊற்றிப் பயனில்லை. மேலே சிலர் சீமெண்ணெய் கலப்பார்கள். வழவழப்பு குறைந்து பம்ப் தேயும். காமன் ரயில் வண்டியில் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். லடாக்குக்காக 2019-இல் வந்த குளிர்கால டீசல் மைனஸ் 33 டிகிரி வரை பாயும், ஆனால் கொடைக்கானல் குளிருக்கு அதெல்லாம் தேவையில்லை.

இரண்டாவது, ரேடியேட்டர். கீழே வெறும் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால் அதை வடித்துவிட்டு, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். மூன்றில் ஒரு பங்கு கூலண்டே மைனஸ் 15-க்குக் கீழ்வரை தாங்கும். பாதி ஊற்றச் சொல்வது துருவுக்கும் உப்புப் படிவுக்கும் சேர்த்து. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும், வார்ப்பிரும்பு பிளாக் அதைத் தாங்காமல் விரியும். தொட்டி மாதிரி மேலே தண்ணீர் ஊற்றும் பவர் டில்லர் இன்ஜினில் கொஞ்சம் தண்ணீர்தான், அது சீக்கிரமே உறைந்துவிடும். கூலண்ட் இல்லையென்றால் தினமும் சாயங்காலம் வடித்துவிடுங்கள். ரேடியேட்டர் காக்கைத் திறந்தால் மட்டும் போதாது, பிளாக்கின் பக்கத்தில் தனிக் காக் இருக்கும், அதையும் திறக்க வேண்டும். வடித்த வண்டியின் ஸ்டியரிங்கில் 'தண்ணி இல்லை' என்று ஒரு அட்டை கட்டுங்கள். காலையில் வேறு ஆள் வந்து எடுத்தால் இன்ஜின் ஜாம் ஆகிவிடும்.

மூன்றாவது பேட்டரியும் ஆயிலும். 0 டிகிரியில் பேட்டரியின் திறன் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், அதே நேரத்தில் ஆயில் கெட்டிப்பட்டுச் சுமை கூடும். கீழே 12.4 வோல்ட்டில் சமாளித்த பேட்டரி மேலே கைவிடும். 40 நம்பர் ஒற்றை கிரேடு ஆயிலில் ஓடும் பழைய இன்ஜின் என்றால் கையேடு அனுமதிக்கும் 15டபிள்யூ-40-க்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

நாலாவது, நிறுத்தும் இடம். குளிர்க்காற்று கனமானது, பள்ளத்தில் இறங்கித் தேங்கும். ஓடைக்கரையை விட்டு, காலை வெயில் முதலில் விழும் மேட்டில் நிறுத்தி, இன்ஜின் மேல் தார்ப்பாய் போடுங்கள். சைலன்சர் ஆறியபின் போடுங்கள். காலையில் பிடித்ததும் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் 1000 ஆர்பிஎம் அளவில் 4, 5 நிமிஷம் ஓடவிட்டு, லிஃப்டை இரண்டு தடவை ஏற்றி இறக்கிய பிறகு வேலைக்கு எடுங்கள். உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் மருந்தடித்த பவர் ஸ்பிரேயரை அப்படியே போட்டுவிட்டு வர வேண்டாம். பம்ப்பிலும் ஹோஸிலும் தங்கிய தண்ணீரை, சக்ஷன் குழாயை வெளியே எடுத்து அரை நிமிஷம் ஓட்டி வெளியேற்றிவிட்டு, துப்பாக்கியின் வால்வைத் திறந்த நிலையிலேயே வையுங்கள்.